முதல் குடத்தை விழுங்கிய கம்ப்யூட்டர்

கோலா சாவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டக் கோயிலில் பால்குடம் எடுப்பவர்களை ஒலிபெருக்கியில் அழைத்தபோது, முதலில் வந்த பெயர் என் பேரனுடையது. அவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அடுத்த வீட்டுப் பெயரும் ஒரு கைக்குழந்தையுடையது. அதற்கடுத்த வீட்டில், தொட்டிலில் உறங்கிய பெண்குழந்தை. மஞ்சள் சேலையில் ஈரம் சொட்ட நின்ற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பால் குடிக்கிற பிள்ளைங்கள பால்குடம் எடுக்கச் சொல்றாங்களே லா!" என்று பின்னால் ஒருத்தி சொல்ல, கோயிலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தோட்டத்தில் முதல் குடம் என்னுடையது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கோயில் தலைவர் கைபேசியைக் காட்டினார். "நான் என்ன செய்யட்டும் அக்கா? கம்ப்யூட்டர்ல உங்க பேரே இல்லையே."

அந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் செய்தவள் என் மருமகள். நீலாய் டவுனில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தாள். வீட்டுக்கு ஒரு பாரம், வீட்டில் எல்லார் பேரையும் எழுதும் படிவம், கைபேசியிலேயே நிரப்பி அனுப்பலாம் என்று அந்த ஆண்டுதான் கொண்டுவந்தாள். பந்தல் காலோரம் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தவள், நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அத்தை, பாரத்துல எல்லாப் பேரும் ஒழுங்காத்தான் வந்திருக்கு. அத கம்ப்யூட்டருக்குப் புரியுற ஜேசன் ஃபைலா மாத்துறப்பதான் கோளாறு. வரிசையா அடுக்காம எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சிட்டேன். அடுத்த பேரு வந்தா முந்துன பேரு அழிஞ்சிடும். கடைசிப் பேருதான் நிக்கும்."

"பெரியவங்கள முன்னாடி எழுதி, பிள்ளைங்கள கடைசியில எழுதுறதுதானே முறை?"

"அதான் அத்தை. நான் என் பேரு ஒண்ண மட்டும் போட்டுப் பார்த்தேன். நல்லா வேல செஞ்சிச்சு."

"ஒத்தை ஆளுக்கு எதுதான் வேல செய்யாது? குடும்பம்னு வந்தாத்தானே தெரியும்!"

சுற்றி நின்றவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், விரல்கள் மட்டும் நிற்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பால் திரிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. பேர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பாரங்களை அவள் மறுபடி கம்ப்யூட்டரில் ஓட்டினாள். தலைவர் திரும்ப அழைத்தபோது முதலில் ஒலித்தது என் பெயர். குடத்தை என் தலையில் ஏற்றிவிட்டவளும் அவள்தான்.

இப்போது அவள் சிங்கப்பூரில் வேலைக்கு இருக்கிறாள். இந்த ஆண்டுப் பாரத்தை எழுத்துக்கூட்டி நானே நிரப்பினேன். முதலில் என் பெயரைப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியிலும் போட்டேன். நேற்று தலைவர் கூப்பிட்டு, என் பேரில் இரண்டு குடம் பதிவாகியிருப்பதாகச் சொன்னார்.

உடனே மருமகளுக்குப் போன் போட்டேன்.

"எனக்கு இருக்குறது ஒரு தலைதான். நீ பஸ் ஏறு."