கழற்றிய கதவு

பிப்ரவரிக் காற்று எங்கள் மார்சிலிங் வீட்டுக் கதவை அறைந்து சாத்தியது.

"இன்னும் ரெண்டு வாரத்துக்கு மழை இல்லயாம், காத்துதானாம்மா," போனைப் பார்த்துச் சொன்னாள் மகள்.

போரில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்திலும் இதே காற்றுதான். எனக்கு ஏழு வயது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத்தான் தின்றோம். வெயில் இருக்கும்போதே அதைக் காயவைத்து மாவாக்கினால்தான் அடுத்த மாதம் சாப்பாடு. காயப்போட, அப்போது நாங்கள் குடியிருந்த சிராங்கூன் வீட்டில் அகலமான பலகை இல்லை. அம்மா வாசல் கதவையே கழற்றி வெளியே கிடத்தி, கிழங்கு வில்லைகளைப் பரப்பிவிட்டாள்.

அப்பா பதறினார். "கதவு இல்லாம எப்படித் தூங்குறது? சிப்பாய் வந்தா?"

"பசி கதவத் தட்டிட்டா வருதுங்க? மூணு நாள் வெயில் போதும்."

மூன்றாம் நாள் மதியம் வானம் கறுத்தது. ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை நானும் அக்காவும் தூக்கினோம். ஒரு வில்லைகூடச் சிந்தாமல் கதவு உள்ளே போனதும் மழை கொட்டியது.

"நாளைக்கும் பெஞ்சா?" என்றேன்.

"நாளன்னைக்குக் காயும்."

அன்றும் கதவை மாட்ட அம்மா விடவில்லை.

மகள் தாழ்ப்பாள் போட எழுந்தாள்.

"தொறந்து வைம்மா," என்றேன். "கிழங்கு காயுற காத்து இது."