ஏழு வேற்றுமையும் கூடைச் சாமந்தியும்

1. முதல் நாள்

பாரூர்ப் பக்கம் எங்கள் சர்க்கரை ஆலை அப்போது அஸ்திவாரக் குழிகளும் இரும்புத் தூண்களுமாக நின்றது. ஐம்பதுகளின் கடைசி. ஸ்டோர்ஸ் கிளார்க்காக நான் சேர்ந்த அன்று மானேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு என்னென்ன பாஷை வரும்?"

"வீட்ல தெலுங்குங்க சார். பள்ளிக்கூடத்துல தமிழ். சந்தைக்குப் போனா கன்னடம். இங்கிலீஷ் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்."

"நாலு வருதில்ல, அஞ்சாவது என்ன கஷ்டம்? மிஷினெல்லாம் போலந்துல இருந்து வருது. அதப் பூட்டித் தர எரக்‌ஷன் ஆளுங்களும் கூட வர்றாங்க. அவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாதாம். நீ போலிஷ் கத்துக்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட நான் அறியேன். அவரோ ஒரு பாலபாடப் புத்தகத்தை மேஜைமேல் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

2. பாலபாடம்

அது இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதிய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் அவர்களைத் தட்டிக்கொடுத்தே நகரும். பெயர்ச்சொல்லுக்கு ஏழு வேற்றுமை உண்டு, பயப்பட வேண்டாம் என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வேற்றுமையைப் பிரம்படியோடு படித்தவனிடம் ஏழைக் காட்டி மிரட்டினால் எப்படி? நாம் வீடு, வீட்டின், வீட்டால் என்று வாலை மாற்றுகிறோம். அவர்கள் டோம், டோமு, டோமெம் என்கிறார்கள். போலிஷில் 'ஏ', 'தி' இரண்டும் கிடையாதே என்று புத்தகம் இன்னொரு பக்கம் வருத்தப்பட்டது. 'தி' எங்கே போடுவது என்று தெரியாமலே பரீட்சை தாண்டியவன் நான். எனக்கு அது பெரிய நிம்மதி.

உச்சரிப்புதான் இடுப்பை ஒடித்தது. 'எல்' எழுத்தின் குறுக்கே கோடு இழுத்திருந்தால் அது 'ல' இல்லை, உதட்டைக் குவித்துச் சொல்லும் 'வ'. 'சி' தனியாக வந்தால் 'ட்ஸ்'. பக்கத்தில் ஒரு 'இசட்' வந்து உட்கார்ந்தால் 'ச்'. அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில் விழ வேண்டும். நான் எல்லா அசையையும் மாட்டுவண்டி மாதிரி ஒரே வேகத்தில் ஓட்டுவேன்.

என்னைத் திருத்தியது பானி ஹலினா. சீஃப் எரக்டர் மாரெக்கின் மனைவி. இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். பானி என்றால் அம்மா, பான் என்றால் ஐயா. ஆளை எதிரில் வைத்துக்கொண்டே 'பானி காபி குடிப்பாரா?' என்று படர்க்கையில் கேட்பது அவர்கள் மரியாதை. ஐயாவிடமே 'ஐயா சாப்பிட்டாங்களா?' என்று நாம் கேட்பதில்லையா, அதேதான்.

அவரிடம் கற்றதில் ஒரு கூத்தும் நடந்தது. 'நான் இருந்தேன்' என்பதை ஆண் சொன்னால் பிவெம், பெண் சொன்னால் பிவாம். அவர் வாயைப் பார்த்தே படித்த நான் மாதக்கணக்கில் பெண்பிள்ளையாகவே பேசித் திரிந்திருக்கிறேன். போலிஷ் ஃபிட்டர்கள் ஸ்டோர்ஸ் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மானம் கப்பலேறியது. ஆனால் பாஷை ஒட்டிக்கொண்டது.

3. எவாவின் காய்ச்சல்

மாரெக் தம்பதிக்கு இரண்டு குழந்தைகள். பெரியவள் எவாவுக்கு நான்கு வயது. சின்னது கைக்குழந்தை. எவா குவார்ட்டர்ஸில் தங்கவே மாட்டாள். சித்தாள்களுக்குத் தலைவியான முனியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மணல் குவியலில்தான் கிடப்பாள். ஹலினா கூப்பிட்டால், "இரு, வர்றேன்" என்று தமிழில் பதில் வரும்.

கார்த்திகை மாதத் தொடக்கத்தில் எவாவுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. தொண்டை அடைப்பான் என்று கிருஷ்ணகிரி டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அது குழந்தைகளைச் சும்மா விட்டுவிட்டுப் போகிற நோய் அல்ல. மாரெக் அவளைப் போர்வையில் சுற்றி ஜீப்பில் பெங்களூருக்குக் கொண்டுபோனார். ஹலினாவும் ஏறப் போனார். டாக்டர் தடுத்துவிட்டார். ஒட்டிக்கொள்ளும் நோய், மடியில் பால் குடிக்கும் குழந்தை இருக்கிறது, போகவே கூடாது என்றார்.

அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். டிரங்க்கால் வந்தால் சேதி கொண்டுபோவது என் வேலை. 'அப்படியே இருக்கிறாள்' என்பதைத் தவிரச் சொல்ல எனக்கு எதுவும் இருந்ததில்லை. முனியம்மா என்னைக் காணும்போதெல்லாம், "கொயந்த எப்படிக்கீதாம்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு மாரியம்மனை ஒரு வசவு வைவாள், உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம் நல்ல சேதி வந்தது. குழந்தை பிழைத்துவிட்டாள், ஜீப் கிளம்பிவிட்டது. நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடப் போனேன். மானேஜர் கையைப் பிடித்தார்.

"இருப்பா. இப்பவே சொன்னா அந்தம்மா நிமிஷத்த எண்ணிக்கிட்டுத் தவிப்பாங்க. சாயங்காலம் புள்ளையே நேர்ல வந்து நிக்கட்டும். வாசல நல்லா ஜோடிச்சு வைங்க. ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. சர்ப்ரைஸ்."

நல்ல மனுஷர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

4. வாசலில் பூ

அது சாமந்தி சீசன். ராயக்கோட்டைப் பக்கமிருந்து வந்த லோடு ரோட்டோரம் நின்றிருந்தது. சித்தாள்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கூடை கூடையாக மஞ்சளும் வெள்ளையும் வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு கார்த்திகை அகல் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் வரிசையாகக் குவார்ட்டர்ஸுக்கு நடந்தோம். மானேஜர் சொன்னபடி யாரும் பேசவில்லை. சாமி காரியம்போலத் தலை குனிந்து போனார்கள். முன்னால் கூடையோடு முனியம்மா. எவா வரப்போகிற சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

வாசற்படியில் சாமந்தியைப் பரப்பி, இரண்டு பக்கமும் அகல் ஏற்றி வைத்தார்கள். ஹலினா கைக்குழந்தையோடு வெளியே வந்தார்.

அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். பூவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், முனியம்மாவைப் பார்த்தார். "ந்யே" என்றார். இல்லை என்று அர்த்தம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கால் மடங்கிச் சுவரோடு சரிந்தார். முனியம்மா பாய்ந்து கைக்குழந்தையைப் பிடித்திருக்காவிட்டால் அது கல்லில் விழுந்திருக்கும். பிறகு அவர் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அந்த மாதிரிச் சத்தத்தை என் சர்வீஸில் மறுபடி கேட்டதில்லை.

எனக்கு எதுவும் புரியவில்லை. எவா செத்துவிட்டதாக நினைக்கிறார் என்று பொறி தட்டியதும் பக்கத்தில் மண்டியிட்டேன். படித்த போலிஷ் முழுவதும் எங்கோ போய்விட்டது. வேற்றுமையும் வரவில்லை, அழுத்தமும் வரவில்லை.

"எவா ஜியெ" என்று கத்தினேன். எவா உயிரோடு இருக்கிறாள். "எவா ஜியெ. டோமு. டோமு." வீடு, வீடு.

எத்தனை தடவை கத்தினேனோ தெரியாது. அவர் என் சட்டையைப் பற்றி என் வாயையே பார்த்தார். நம்பவில்லை. அவர் மூச்சு ஒழுங்குக்கு வந்த பிறகுதான் உடைந்த இங்கிலீஷில் காரணம் வெளிவந்தது. நவம்பர் முதல் தேதி அவர்கள் ஊரில் எல்லோரும் இதே பூவையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவார்களாம். செத்தவர்களுக்குத்தான் சாமந்தி. உயிரோடிருப்பவர் வீட்டுக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்களாம்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் சித்தாள்கள் விறைத்துப்போனார்கள்.

"ஏம்பா கிளார்க்கு, இம்மா நாளா அந்தப் பாஷையப் படிச்சியே, இத அதுல எழுதலியா?" என்றாள் முனியம்மா.

எழுதவில்லை. பூ என்ற சொல் இருந்தது. அதன் பன்மை இருந்தது. யாருக்கு வைப்பது என்பது இல்லை.

யாரும் சொல்லாமலே பெண்கள் பூவை ஒன்று விடாமல் பொறுக்கினார்கள். விளக்குகளைக் குளிர வைத்தார்கள். ஜீப் வந்தபோது வாசல் வெறிச்சென்று கிடந்தது. மாரெக்கின் தோளிலிருந்து எவா எட்டிப் பார்த்தாள். ஹலினா அவளை வாங்கிக் கன்னம், கழுத்து, கை என்று தடவித் தடவிப் பார்த்தாரே தவிர முத்தம்கூடக் கொடுக்கவில்லை. உடம்பில் சூடு இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

5. பாடம்

சில நாள் கழித்து ஹலினா ஸ்டோர்ஸுக்கு வந்தார்.

"உங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு என்ன பூ வைப்பீர்கள்?"

"சாமந்திதான், பானி."

அவர் திகைத்துப்போனார். "கல்யாணத்துக்கு?"

"அதற்கும் சாமந்திதான்."

"பிறகு வாசலுக்கு வருவது எது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

"கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்ப்போம்."

அவர் கவுண்டர்மேல் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் முகத்தைத்தான் பார்த்தேன். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்."

இப்போது ஓசூர்க் கம்பெனிப் பிள்ளைகள் ஜெர்மன், ஜப்பான் என்று வகுப்புக்குப் போகிறார்கள். நன்றாகப் போங்கள், வேற்றுமையை உருப்போடுங்கள். ஆனால் ஒருவர் வீட்டுக்கு நல்ல சேதி கொண்டுபோனால் வாசலிலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். இலக்கணம் தப்பாக இருந்தால் இருக்கட்டும். பூவெல்லாம் அப்புறம்.