என் மகனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது

சான்பிரான்சிஸ்கோவில் என் கணவர் நடைபாதையில் வண்டிகள் போகும் பக்கமாக நடந்தார். என்னைச் சுவர்ப் பக்கம் விட்டார். ஓசூர்க் கடைத்தெருவில் அவர் எப்போதும் எனக்கு முன்னால் போவார், நான் பின்னால் போவேன், லாரி வந்தால் அவரவர் பாட்டுக்கு ஒதுங்கிக்கொள்வோம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஆகவே கப்பலை விட்டு இறங்கிய மறுநாளே இந்த மாற்றம் என் கண்ணில் பட்டுவிட்டது.

“இது யாரு சொல்லிக் குடுத்தது?”

“எது?”

“நீங்க அந்தப் பக்கமா வர்றது.”

“இங்க அப்படித்தான். பொம்பளைங்க கூட வந்தா ஆம்பள ரோட்டுப் பக்கம் நடக்கணும்.”

“எந்தப் பொம்பள கூட வந்தா?”

அவர் மேட்டிலிருந்து மணியடித்துக்கொண்டு இறங்கிய டிராமைக் காட்டினார். “பாத்தியா, ரோட்டுக்கு அடியில கம்பி ஓடி இழுக்குது” என்றார்.

அவர் கால்நடை மருத்துவர். மாட்டு நோய்கள் பற்றிப் படித்து வர அரசாங்கம் அவரை ஒரு வருடம் அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. அதற்கு முந்தைய கோடையில்தான் எங்கள் மகன் இறந்தான். தொண்டையில் வந்த நோய், கூடவே காய்ச்சல். பையனைப் பெங்களூருக்குக் கொண்டுபோக வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர் அப்போது நாட்றாம்பாளையத்தில் மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். காட்டு வழியில் ஆள் போய்ச் சொல்லி அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து வீட்டில் பாத்திரங்களைக்கூடக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

அதன்பிறகு அவர் என்னிடம் பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரையும் சொல்வதில்லை, ‘அவன்’ என்றுகூடச் சொல்வதில்லை. நான் பேச்சை ஆரம்பித்தால், கொட்டிலில் மாடு கத்துகிறது என்று எழுந்து போய்விடுவார். பிறகு அமெரிக்காவுக்கே போய்விட்டார். நான் கிருஷ்ணகிரியில் பிறந்த வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தேன். அவனுக்கு இளையவளான மகள் ஒரு தும்மல் போட்டால் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். பார்த்துச் சகிக்காமல் என் அப்பாதான், குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு நீ போய் மாப்பிள்ளையோடு இருந்துவிட்டு வா என்று கப்பல் ஏற்றிவிட்டார்.

அவ்வளவு பெரிய கடலில் எனக்கிருந்த நினைப்பு ஒன்றே ஒன்று. சுற்றிலும் ஆளில்லாத ஊரில் அவர் என்னிடம் பையனைப் பற்றிப் பேசுவார். எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமில்லை. தமிழில் பேசினால் தெருவுக்குக் கேட்கும் என்று தெலுங்குக்கு மாறினால் எதிர்வீட்டில் தெலுங்கு, கன்னடத்துக்கு மாறினால் பக்கத்து வீட்டில் கன்னடம். சான்பிரான்சிஸ்கோவில் நட்ட நடுத்தெருவில் எதை வேண்டுமானாலும் உரக்கப் பேசலாம்.

பேசத்தான் செய்தார். பாலத்தைப் பற்றிப் பேசினார். கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும் நேரத்தைப் பற்றி, அந்த ஊர்ப் பசு கறக்கும் பாலைப் பற்றிப் பேசினார். அவருக்குப் படிப்பு முடிந்திருந்தது. அடுத்து மற்ற மாநிலங்களில் பண்ணைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் கிடைத்த நாட்களில் நாங்கள் நடந்தோம். சீனர்கள் தெரு, நண்டு வேகும் துறைமுகம், ஓசூருக்குப் பக்கத்துத் தளியில் மார்கழி மாதம் போலக் குளிரும் மேட்டுத் தெருக்கள். எந்த மேட்டில் பெஞ்சு இருக்கிறது, எந்தப் பெஞ்சில் வெயில் விழும் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தனியாக நடக்கிற ஆண்பிள்ளை பெஞ்சு தேடமாட்டான். எனக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த கம்பளிக் கோட்டும் கடையில் வாங்கியதில்லை. ஆபீசில் ஒரு அம்மா கொடுத்தார்களாம். அளவு எனக்குக் கச்சிதமாக இருந்தது. என் உயரம்வரை சொல்லியிருக்கிறார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவும் எங்களோடு நடக்க வந்தாள். கல்லூரி ஆபீசில் டைப் அடிப்பவள். என் வயதுதான் இருக்கும், கல்யாணமாகாதவள். தட்டைச் செருப்புப் போட்டு எட்டு வைத்து நடந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வெட்கங்கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம். நல்லவளாக இருந்தாள்.

என் கணவர் பழம் வாங்க ஒரு கடைக்குள் போனார். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். நான் பள்ளி இறுதிவரை படித்தவள், நிதானமாகப் பேசினால் எனக்கு இங்கிலீஷ் புரியும். அவள் மிக நிதானமாகவே சொன்னாள்: உங்கள் மகனைப் பற்றி அவர் நிறையச் சொல்லியிருக்கிறார். மாடுகளோடு அவனும் வரிசையில் நின்றானாமே, அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நான் தலையாட்டினேன். எனக்கு அது தெரியாது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இன்னொரு தரமும் தலையாட்டினேன்.

எனக்குத் தெரிந்திருப்பதாக நம்பி அவள் முழுவதும் சொல்லிவிட்டாள். பள்ளி லீவில் அவர் பையனைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தளிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஊசி போட மாடுகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்களாம். இரண்டு கன்றுக்குட்டிகளுக்கு நடுவில் அவன் கையையும் முட்டியையும் தரையில் ஊன்றி நின்றுகொண்டு எனக்கும் போடு என்றானாம். அப்பாவை “நைனா” என்று அவன் கூப்பிட்டதை அவள் அப்படியே சொல்லிக்காட்டினாள். அவள் நாக்கில் அது நசுங்கித்தான் வந்தது. ஆனாலும் அது என் வீட்டுச் சொல், என் பிள்ளையின் வாயில் இருந்தது.

அவள் டிராம் ஏறிப் போகும்வரை நான் சிரித்த முகமாகவே இருந்தேன். அவள் கொடுத்த கோட்டைக் கழற்றி வீசவேண்டும் போலிருந்தது. காற்று அடித்த அடியில் முடியவில்லை, பித்தானை மட்டும் அவிழ்த்துவிட்டேன்.

“அவகிட்ட சொல்லியிருக்கீங்க.”

என்னவென்று அவர் கேட்கவில்லை. “கேட்டாங்க. சொன்னேன்.”

“நான் கேக்கலியா? நான் கேட்டப்பல்லாம் உங்களுக்கு மாடு கத்துச்சு.”

“மெதுவாப் பேசு.”

“என்னாத்துக்கு மெதுவா? இங்க எவனுக்குப் புரியப்போவுது?”

ஒரு கிழவர் நாயோடு எங்களைக் கடந்து போனார். அவர் போகும்வரை என் கணவர் நின்றார். பிறகு சொன்னார்: “எனக்கும் போடு நைனான்னான். மாட்டுக்குப் போடுறது மனுசனுக்கு இல்லடான்னு காதப் புடிச்சு வெளிய இழுத்து விட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். அந்தத் தொண்ட நோவுக்கு மனுசனுக்கும் ஊசி இருக்குது, எனக்குத் தெரியும். ஊரு மாட்டுக்கெல்லாம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன், அவனுக்குப் போடல.” மறுபடி நடக்க ஆரம்பித்தார். “இத அந்தம்மாகிட்ட சொன்னா, பாவம்னுட்டுப் போயிடுவாங்க. உன்கிட்ட சொன்னா நீ என் மூஞ்சியப் பாப்பே.”

நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பிக்கொள்ளவில்லை.

“இன்னும் என்னென்ன சொன்னீங்க?”

“நெறைய.”

அந்த ‘நெறைய’தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் இனிமேல் புதிதாக எதுவும் செய்யப்போவதில்லை. இருப்பது இருப்பதுதான். அதில் எனக்குத் தெரியாத பங்கு யாரோ ஒருத்தியிடம் டிராம் ஏறிப் போய்விட்டது. செத்த பிள்ளையின் கதைக்காகவா பொறாமை என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். எனக்கு அன்று இருந்தது பொறாமைதான், வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

“அவகிட்ட சொல்லாதது எதுனா மிச்சம் இருக்குதா?” என்று கேட்டேன்.

அவர் யோசித்துக்கொண்டே நடந்தார். ஒரு மேடு ஏறி இறங்கினோம். “ஒரு தடவ அவன் சந்தையில…” என்று ஆரம்பித்து, “இல்ல, இத சொல்லிட்டேன்” என்றார். அடுத்த தெருவில் இன்னொன்றை ஆரம்பித்து அதையும் பாதியில் விட்டார்.

“நீங்க பொய்யாவது சொல்லக் கூடாதா?” என்றேன்.

“இதுலயா?” என்றார்.

பிறகு எந்தத் தெருவில் போகிறோம் என்று இருவருமே பார்க்கவில்லை. ஒரு சலவைக் கடையின் முன்னால் அவர் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவியில் இரண்டு பெண்கள் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணு இருக்குது” என்றார்.

சொன்னார். மிகச் சின்ன விஷயம். வேறு யாராவது கேட்டால், இதிலென்ன இருக்கிறது என்பார்கள். சொல்லிப் பழகாததால் முன்னுக்குப் பின்னாகச் சொன்னார், நடுவில் இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்லித் திருத்தினார். கடைக்குள்ளிருந்த ஒரு பெண் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

“இது அவளுக்குத் தெரியாதே?”

“தெரியாது. எனக்கே இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.”

அந்த விஷயத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணனைப் பற்றி ஓயாமல் கேட்கும் என் மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.