மூத்தவளின் வள்ளம்

என் கணவர் வள்ளத்துக்கு அடியில் தோண்டிய குழிக்குள் குனிந்து இறங்கியபோது, அவர் தலைக்கு மேலே கனத்த இரும்புத் தகடு ஒன்று நின்றது. அதைத் தாங்கப்போகும் கயிறு என் கையில் இருந்தது. யுத்தம் முடிந்து, கடலுக்குப் போவதற்கிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்த காலம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வளவுக்குள் தென்னோலைக் கிடுகு மூடிக் கிடந்த பழைய பாய்வள்ளத்தை அவர் மறுபடியும் கடலில் இறக்கப்போகிறார் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது.

அந்த வள்ளம் அவருடைய முதல் மனைவியோடு சீதனமாக வந்தது. சுனாமி அவளைக் கொண்டுபோனது. வள்ளத்தை மட்டும் ஒரு மதிலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டேன். மூத்தவளின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால் வள்ளத்தைத்தான் நான் அவளாகப் பார்த்தேன். அவர் அதன் பலகைகளுக்கு எண்ணெய் பூசும்போது சமையலை விட்டுவிட்டுக் குசினி யன்னலில் நின்று பார்ப்பேன். என் தலைமயிரை ஒருநாளாவது இத்தனை பக்குவமாகத் தொட்டிருப்பாரா?

பாயில் காற்று அடிக்கும்போது வள்ளம் பக்கவாட்டில் இழுபடாமல் பிடித்துக்கொள்வது அந்தத் தகடுதான். கடலில் கீழே இறக்குவார்கள். கரை சேரும்போது வள்ளத்தின் வயிற்றுக்குள் தூக்கிவிடுவார்கள். சுனாமி அலை அடைத்த மணலும் துருவும் அதை இறுக்கிவிட்டிருந்தன. துரு சுரண்டுவதற்காக அதைக் கழற்ற, மணலைக் கிளறித் தகட்டை இளக்கினார்; அதை வள்ளத்தில் மாட்டியிருந்த ஆணி மட்டும்தான் மிச்சம். கப்பி வழியாகக் கயிற்றைக் கொண்டுவந்து தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை என்னிடம் தந்தார்.

"ஆணி கழண்டா முழுப் பாரமும் உன்ட கையிலதான் புள்ள. விட்டுடாத."

"முந்தி இத ஆரு புடிச்ச?" என்று, அவர் குழிக்குள் ஆணியை அடிக்கத் தொடங்கியதும் கேட்டேன்.

"அவதான்."

"என்னவிட நல்லாப் புடிப்பாவா?"

சுத்தியல் சத்தம் நின்றது. அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"ஓம் புள்ள. நல்லாப் புடிப்பா."

அடுத்த அடியில் ஆணி கழன்றது. கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடப் பார்த்தது. காலை மண்ணில் ஊன்றிப் பிடித்தேன். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்புக்கூட அப்போது இல்லை. அவளைவிட நன்றாகப் பிடிக்க வேண்டும் என்ற வீம்பு ஒன்றுதான். அவர் வெளியே வந்து "இப்ப மெல்ல விடு" என்று சொல்லும்வரை தகடு அசையவில்லை.

தகடு குழிக்குள் இறங்கியதும் என் கைகளை விரித்துப் பார்த்தார். இரத்தம்.

"ஏன் கத்தல்ல?"

"அவ கத்துவாவா?"

சிரித்தார். பிறகு குழி விளிம்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பொழுதுபட்டு, தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொல்லும்வரை அவளைப் பற்றியே கதைத்தார். என்னைக் கலியாணம் முடித்த பிறகு அவர் அவளைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் கூடியது. ஆனாலும் எழுந்து போகவில்லை. அவர் சொல்லிக்கொண்டிருந்தது என்னிடம்.

இப்போது வருடா வருடம் நாங்கள் இருவருமே தகட்டைக் கழற்றி, துரு சுரண்டிப் பூச்சு அடிக்கிறோம். மூத்தவள் பிடித்ததைவிட அதிக வருடங்கள் நான் பிடித்துவிட்டேன். போன முறை அதை அவரிடம் சொல்லியும் காட்டினேன்.

"மௌத்தாகிப் போனவவோட இன்னமும் போட்டியா புள்ள?" என்றார்.

"ஓம்" என்றேன்.