நான் அச்சடிக்காத வாக்குத்தத்தம்

இதைக் கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்று, பேய், தரிசனம், அற்புதம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், பாட்டுப் பாடுவேன், கண்ணை மூடச் சொன்னால் மூடுவேன். எல்லாம் பழக்கம்தான். தாத்தா காலத்திலிருந்து சித்தூர் மிஷன் சபையில் இருக்கிற தமிழ்க் குடும்பம் நாங்கள், அதனால் நானும் கிறிஸ்தவன். அதற்கு மேல் நம்பிக்கை வராமல் போனதற்கு என் தொழிலும் ஒரு காரணம்.

சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, விசிட்டிங் கார்டு, தமிழிலும் தெலுங்கிலும். எங்கள் சபைக்கு வருஷா வருஷம் வாக்குத்தத்த அட்டை அடித்துக் கொடுப்பதும் நான்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி ஆராதனை நடக்கும், பன்னிரண்டு மணி ஆனதும் தட்டில் கவிழ்த்து வைத்த சின்ன அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதில் ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்கென்று கொடுத்த வாக்கு அது. அதை ஃபிரேம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு, அதை நம்பி வீடு கட்ட ஆரம்பித்தவர்கள் உண்டு, பெண் கொடுத்தவர்கள் உண்டு. போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம், அந்த ஐயர் கொடுக்கிற லிஸ்டை டைப் அடித்து, ஷீட்டுக்குப் பத்து என்று பிரிண்ட் எடுத்து, மிஷினில் வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்கிறவன் நான். ஆண்டவர் வார்த்தையில் எழுத்துப்பிழை திருத்துகிறவனுக்கு பயபக்தி எங்கிருந்து வரும், நீங்களே சொல்லுங்கள்.

என் மனைவி கிருபா அப்படியில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, ஜெபம் பண்ணிப் பண்ணி, பிறகு பிறந்தவள் எங்கள் பிளெஸ்ஸி. கேட்டு வாங்கின பிள்ளை என்று கிருபா எல்லோரிடமும் சொல்வாள். அந்தப் பிள்ளைக்கு எட்டு வயதில் ரத்தத்தில் புற்றுநோய் வந்தது.

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம். சித்தூரிலிருந்து பாகாலா வழியாகப் போய்ப் போய் அந்த ரோட்டில் எங்கே எந்தப் பள்ளம் என்று எனக்கு மனப்பாடம். மருந்து ஏற்றினதில் அவளுக்கு முடி எல்லாம் கொட்டிவிட்டது. மற்ற ஊரில் என்றால் மொட்டைத் தலையோடு ஒரு பெண் குழந்தையைப் பார்த்தால் உடனே பாவம் என்று பார்ப்பார்கள், திருப்பதியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "கொண்டக்கி வெள்ளொச்சாவா பாப்பா?" என்று தெலுங்கில் கேட்டாள். மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தாயா என்று. பிளெஸ்ஸி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மாள் அவள் தலையைத் தடவி லட்டில் ஒரு துண்டு பிட்டுக் கொடுத்தாள். அதைத் தின்றுவிட்டு, "நைனா, அம்மாகிட்ட சொல்லாத" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நான் அழுதது அவளுக்குத் தெரியாது.

ஒரு முறை நன்றாகி வீட்டுக்கு வந்தாள். அடுத்த டிசம்பரில் நோய் திரும்ப வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது எதையும் நான் கிருபாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் முகம் தானாகவே ஒவ்வொரு நாளும் இருண்டுகொண்டு வந்தது. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அந்த வருஷ அட்டைகளை வெட்டி முடித்த பிறகு தனியாக ஒரே ஒரு அட்டை அடித்தேன். நீ சாகமாட்டாய், பிழைப்பாய் என்கிற அர்த்தத்தில் வருகிற வசனம். ஐயர் லிஸ்டில் அது இல்லை, நானாகத் தேடி எடுத்தது. அந்த அட்டைகளுக்கான தாள் தீர்ந்துவிட்டதால் கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கின தடித்த போர்டில் அடித்தேன். அடையாளத்துக்கு, அட்டையின் பின்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். என் எண்ணம் இவ்வளவுதான், கிருபாவுக்கு மூன்று மாசமாவது தெம்பு வேண்டும், அதற்குள் பிள்ளை தேறிவிடும்.

ஆராதனைக்காகக் கிருபா தன் தங்கையைப் பிளெஸ்ஸியிடம் விட்டுவிட்டுத் திருப்பதியிலிருந்து வந்தாள். பன்னிரண்டு மணிக்கு லைட்டை அணைத்து எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஒரு தட்டை ஐயர் பிடித்திருந்தார், இன்னொன்றை நான். கிருபா என் வரிசையில்தான் வந்தாள். தனக்கு ஒன்று எடுத்தாள். வராதவர்களுக்கும் சேர்த்து எடுப்பது வழக்கம், அதனால் பிளெஸ்ஸிக்கென்று மறுபடி கையை நீட்டினாள். நான் அந்த அட்டையை விரலால் நெட்டி அவள் கைக்கு நேராகத் தள்ளினேன். எடுத்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திருப்பிப் படித்தாள். அவள் முகம் மலர்ந்ததே, அதை மட்டும்தான் நான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கிற சுசீலா அக்கா நின்றிருந்தார், அவரும் ஒன்று எடுத்துக்கொண்டு போனார்.

அந்த அட்டையை ஐடி கார்டு போடுகிற பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிள்ளையின் தலையணைக்குக் கீழே வைத்தாள் கிருபா. காலையும் மாலையும் இரண்டு பேரும் அந்த வசனத்தைச் சத்தமாகச் சொல்வார்கள். நர்ஸுக்குச் சொல்வாள் பிளெஸ்ஸி, பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் தெலுங்கில் சொல்வாள். நான் அந்த அட்டையை ஒரு முறைகூட நேராகப் பார்க்கவில்லை. நானே எழுதின பொய்யை நான் எதற்குப் பார்க்க? ஒரு நாள், "நைனா, போட்டோ எடு" என்று அட்டையை மார்பில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போனில் ஒன்று எடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் மாசம் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் கிருபா அந்த அட்டையை உறையோடு அவள் கையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஆண்டவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில் ஒரு வேளை உபவாசம், பிறகு இரண்டு வேளை. ஆகஸ்ட் மாசம் ஆள் பாதியாகிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போய், "கொஞ்சமாவது துன்னு கிருபா" என்றேன்.

"எனக்கு வாணாங்க. என் விசுவாசம் பத்தல. அதான் இப்டி ஆயிடுச்சி."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஒரு நாளு ஆஸ்பத்திரி வராண்டால படுத்துக்கினு இருந்தப்ப, இவ பொழைக்க மாட்டாளோன்னு நெனச்சிட்டன். ஒரு நிமிசந்தான். அவரு வாக்கு குடுத்திருக்காரு, நான் சந்தேகப்பட்டுட்டன். புள்ளைய நாந்தான் உட்டுட்டன்."

என் மிஷினில் அடித்த ஒரு துண்டு அட்டைக்காக இவள் தன்னைக் கொன்றுகொண்டிருக்கிறாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆண்டவர் கொடுத்தது இல்லை, நான் அடித்தது, நான்தான் உன் கைக்கு நேராகத் தள்ளினேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் எதையும் விடவில்லை என்று.

அவள் அழவில்லை.

"நீங்க நெட்டனது எனக்குத் தெரியுமே" என்றாள். "கண்ணுக்கு முன்னால நெட்டறீங்க, தெரியாதா? புருசன் நெட்டறத எடுத்தா அது அவரு குடுத்தது எப்டி ஆவும்னு, அத உட்டுட்டுப் பக்கத்துல இருந்தத எடுத்தன். நீங்க நெட்டனத சுசீலா அக்கா எடுத்துக்கினு போச்சி."

என் மனசைத் தேற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த வசனத்தில் நான் அடித்தது ஒன்றே ஒன்று. பக்கத்தில் இருந்ததில் அது எப்படி வரும்? இருந்தாலும் மனசு கேட்கவில்லை, அன்று சாயங்காலமே சுசீலா அக்கா வீட்டுக்குப் போனேன்.

சுசீலா அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் அவருக்கு ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, டாக்டர்கள் கைவிட்டு, இரண்டு பேர் பிடித்துத்தான் கோயிலுக்கே கூட்டி வந்தார்கள். நான் போனபோது ஸ்டூலில் உட்கார்ந்து மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார், அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்த வருசம் உங்களுக்கு என்ன வசனம் வந்துச்சி?"

"உனக்குத் தெரியாதா? நான் பொழைச்சதே அதாலதானே" என்று சொல்லி, வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். தடித்த போர்டு. திருப்பினேன். பின்னால் என் பென்சில் புள்ளி.

நம்பினால் நம்புங்கள், அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பயம் வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. நான் சொன்ன பொய் இந்த அம்மாளுக்குப் பலித்திருக்கிறது. என் பிள்ளைக்கு வந்தது நான் சொன்னது இல்லை என்றால், பிறகு யார் சொன்னது? நான்தான் ஏமாற்றினேன் என்று இருந்தவரை எனக்கு அது பாரமாக இருந்தாலும் தாங்கிக்கொண்டேன். இப்போது அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

கடையைத் திறந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஐயர் லிஸ்டை மூன்று முறை வரி வரியாகப் படித்தேன். அந்த வசனம் இல்லை. ஐயருக்குப் போன் போட்டு, வேறு எங்கேயாவது அட்டை வாங்கித் தட்டில் கலந்தீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். பழைய வருஷத்து அட்டை ஒன்று கலந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். சுசீலா அக்காவிடம் கேட்டு வாங்கின அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் கிருபாவிடம் நீட்டினேன்.

அவள் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அதே வசனம்தான் என்றாள். பிறகு கீழே விரல் வைத்து, "இதுல வருசம் போட்டிருக்கீங்க" என்றாள்.

"எல்லாத்துலயும் போடுவனே. அடியில நடுவுல. எந்த வருசமா இருந்தாலும் போடுவன்."

"புள்ளையோடதுல இல்ல."

"சரியா பாத்தியா?"

"நாலு மாசம் தெனம் ரெண்டு வேள படிச்சிருக்கன். வசனம் மட்டுந்தான் இருந்திச்சி. வருசம் இல்ல."

குழம்பில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அட்டையை என் கையில் கொடுத்தாள். பிறகு, "அப்டின்னா அந்த வாக்கு இன்னும் முடியல" என்றாள். எனக்குச் சொன்னாளா, வேறு யாருக்காவது சொன்னாளா தெரியாது. அதன்பிறகுதான் அழுதாள், பிள்ளை போன நாளில்கூட அப்படி அழவில்லை. அழுது முடித்துவிட்டு எழுந்துபோய் மத்தியானம் ஆறிப்போயிருந்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். உபவாசம் அன்றோடு நின்றது.

இப்போது தெருவில் யாராவது பிள்ளையைப் பற்றித் துக்கம் விசாரித்தால், "பாப்போம்" என்கிறாள். கேட்டவர்களுக்குப் புரிவதில்லை. எதைப் பார்ப்போம் என்று நானும் அவளைக் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அவளுக்கு நம்பிக்கை இருக்கிறது, எனக்கு அந்தப் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது.

கடையில் வேலை இல்லாத நேரத்தில் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மொட்டைத் தலையில் தொப்பி, பிளாஸ்டிக் உறையில் லைட்டின் பளபளப்பு, வசனத்தின் இரண்டு வரியும் தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே, நடுவில், நான் வருஷம் போடுகிற இடத்தில் பிள்ளை கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த விரல்தான் தெரிகிறது, பாதி உரிந்துபோன ரோஸ் நிற நெயில் பாலிஷும்.