சோப்பு நுரையும் ஓர் ஊதுபத்தியும்

“தலையில எண்ணெ இருக்குதுங்களா பாருங்க அம்மிணி,” என்று நர்ஸிடம் சொன்னபடியே தண்டபாணி தன் மகளின் உச்சியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“தலஸ்நானம் அயிந்தி அப்பா,” தலைக்குக் குளித்தாயிற்று என்று தெலுங்கில் சொன்னாள் அஸ்வினி, சுவரைப் பார்த்தபடி.

“ஆக்சிஜனுக்கும் எண்ணெய்க்கும் ஆகாதுங்க. எங்க கம்பெனியில எண்ணெக் கையோட வால்வைத் தொட்டவனுக்குப் புருவமே போச்சு.”

மூக்கில் பொருத்தும் குழாயைக் கையில் பிடித்து நின்ற நர்ஸ் ரோஸ்லின், “இதுல ஆக்சிஜன்தான் வருதுன்னு யார் சார் சொன்னது?” என்றாள்.

“அதைத்தானுங்க நானும் கேக்கறேன்.”

அவளுக்கும் தெரியாது. மனச்சிதைவுக்கு வழக்கமான மாத்திரைகளோடு ஆக்சிஜனும் கொடுத்தால் பலன் உண்டா என்று பார்க்கும் ஆய்வு அது. முதல் மாதம் குழாய் வழியே காற்று தரும் ஒரு பெட்டி, மறுமாதம் இன்னொன்று. ஒன்றில் ஆக்சிஜன் மிகுந்த காற்று. மற்றதில் வெறும் காற்று. எது எதுவென்று குடும்பத்தார் கண்டுபிடித்துவிட்டால் நோயாளியை விலக்கிவிடுவார்கள்.

பாலாநகரில் இருபத்தெட்டு வருடமாக சிலிண்டர் நிரப்புகிறவர் தண்டபாணி. விரல் முட்டியால் தட்டியே நிறைந்ததா காலியா என்று சொல்லிவிடுவார். காலை ஷிப்ட் முடிந்ததும் சோப்பு டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, குழாய் பொருந்தும் இடத்தில் நுரை தடவி, மண்டியிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். “ஓட்டை இருந்தா நொரையே சொல்லிப்போடும்.” பெட்டியையும் தட்டிப் பார்த்தார். அது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மாதாப்பூரில் மென்பொருள் வேலையை விட்ட இரண்டு வருடத்தில் அஸ்வினி தானாக எதையும் கேட்டதில்லை. முதல் பெட்டியின் மூன்றாவது வாரம், “அப்பா, காபி” என்றாள். அதைத் தண்டபாணி அன்று ரோஸ்லினிடம் நான்கு முறை சொன்னார்.

பெட்டி மாறிய ஐந்தாம் நாள் அஸ்வினி மறுபடியும் சுவரோடு முணுமுணுத்தாள். தண்டபாணியின் கை சட்டைப் பைக்குள் போனது. ஒற்றை ஊதுபத்தி, ஒரு தீப்பெட்டி.

“குழாய் முனையில காட்டித் தணல் பளிச்சுன்னு ஆனா ஆக்சிஜனுங்க. ஒரு நொடி வேலை.”

“அஸ்வினியை அனுப்பிடுவாங்க சார். தீப்பிடிச்சாலும் பிடிக்கும்.”

“எனக்கா சொல்றீங்க? பீடி வெச்சிருந்தான்னு ஒருத்தனைக் கம்பெனி கேட்டுக்கு வெளிய நிறுத்துனவன் நான்.” குரல் இறங்கியது. “வெறுங்காத்துலதான் காபி கேட்டாள்னா, அப்புறம் நான் எதைங்க நம்பறது?”

தீப்பெட்டியை விரல்கள் உருட்டிக்கொண்டே இருந்தன. ரோஸ்லின் எழுந்து குழாய்க்கும் அவருக்கும் நடுவே நின்றாள்.

அவர் இரண்டையும் அவள் மேசையில் வைத்து, அவள் பக்கமாகத் தள்ளினார்.

“மாசம் முடியற வரைக்கும் நீங்களே வெச்சிருங்க அம்மிணி. நான் கெஞ்சிக் கேட்டாலும் குடுத்துராதீங்க.”