வக்கீல் சாயபு அனுப்பவிடாத ஆறு பக்கங்கள்

காட்பாடி ஸ்டேஷனில் கோலார்ப் பக்கம் போகும் ரயிலுக்காக என் மகள் ரூத்தோடு நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. வக்கீல் சாயபுவின் குமாஸ்தா கோவிந்தசாமி எதிரே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "டீச்சரம்மா, உங்களுக்குத் தெரியாதா? நம்ம சாயபு காலைல போய்ட்டாரு" என்றார். நான் டிரங்குப் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேலூர்க் கோர்ட்டில் அவரோடு பழகிய வக்கீல்மார் நீங்கள் அவரைப் பற்றி எவ்வளவோ சொல்வீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழக்கு. அது என் வழக்கு.

என் வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் வேலையாக இருந்து, காய்ச்சலில் இறந்துபோனார். ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் பிறந்த ஊரான வேலூருக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். இரண்டு வருஷம் கழித்து என் கொழுந்தனார், "அண்ணன் பிள்ளை எங்கள் பிள்ளை, எங்களிடமே ஒப்படைக்க வேண்டும்" என்று மைசூர் சமஸ்தானத்துக் கோர்ட்டில் மனுப் போட்டார். அந்தச் சம்மனை நம் வேலூர்க் கோர்ட்டு அமீனாவே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

ஒரே மூச்சில் ஆறு பக்கம் பதில் எழுதிக்கொண்டு சாயபுவிடம் ஓடினேன். அவர் ஆபீஸ் தோல் மண்டிக்கு மேலே, மாடியில். கீழிருந்து வரும், தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசம் அங்கிருந்த காகிதங்களில் எல்லாம் ஏறியிருக்கும். ஆறு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. அனுப்பாதீங்க" என்று சொல்லி, தன் கேஸ் கட்டிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னா சாயபு, உண்மையைச் சொல்ல எனக்கு இன்னா பயம்?"

"பயத்துக்குச் சொல்லலம்மா. அது வேற ராஜாங்கம். நம்ம அமீனா சம்மனைக் கொண்டாந்தது ஒரு மரியாதைக்கு, அவ்ளோதான். நீங்க அங்க போய் நின்னாலும், பதில் எழுதினாலும், 'உங்க தீர்ப்புக்குக் கட்டுப்படறேன்'னு நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும். உண்மையைச் சொல்றதுக்கு வேற எடம் இருக்குது. அதுவரைக்கும் சும்மா இருங்க."

சும்மா இருப்பதா, நானா! ஊரே என்னைப் பைத்தியம் என்றது. "கோர்ட்டு கூப்பிட்டும் போகாதது திமிர்" என்று எங்கள் சபைப் போதகரே சொன்னார். நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பயந்தது போலவே குழந்தை கொழுந்தனாருக்கு என்று அங்கே உத்தரவாயிற்று. மாடிப்படி அதிர ஏறிப் போய், "உங்களை நம்பி வாயை மூடிக்கிட்டு, என் புள்ளையைத் தாரை வார்த்துட்டேனே!" என்று கத்தினேன். அவர் தண்ணீர்க் கூஜாவை என் பக்கம் நகர்த்தினார். "பேஜார் ஆவாதீங்க. எல்லையைத் தாண்டினா அது வெறும் காயிதம்."

அந்தக் காகிதத்தோடு கொழுந்தனார் வேலூர் ஜில்லாக் கோர்ட்டுக்கு வந்தார். வெள்ளைக்கார ஜட்ஜ். சாயபு அதிகம் பேசவில்லை. குழந்தை வசிப்பது வேலூரில், ஆகவே விசாரிக்க வேண்டியது இந்தக் கோர்ட்டு, தாய் அந்தக் கோர்ட்டுக்கு ஒருநாளும் கட்டுப்பட்டதில்லை என்றார். ஜட்ஜ் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எழுதிவைத்த ஆறு பக்கத்தையும் அரை மணி நேரம் வாயாலேயே சொல்லித் தீர்த்தேன். ரூத் என்னிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பானது.

பிறகு ஜட்ஜ், கோலாரில் உள்ள என் புருஷன் வீடும் குழந்தைக்குச் சேரும் என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது என்னுடைய வக்கீலே எழுந்து, "அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த வீடு கடைசிவரை எங்களுக்கு வரவில்லை.

கோர்ட்டுப் படியிலேயே சண்டைக்குப் போனேன். "நீங்க யாருக்கு வக்கீலு?"

"அவங்க கை இங்க நீளக் கூடாதுன்னு சொல்லித்தானே கொழந்தையைக் காப்பாத்தினோம்? நம்ம கை மட்டும் அங்க நீளும்னு எந்த வாயால சொல்றது?"

தன் கட்சிக்காரிக்குத் தானாக வந்த லாபத்தை இப்படித் தள்ளிவிட ஒரு மனுஷனால் முடியுமா! இன்றைக்கு நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது.

ரூத் இப்போது நர்ஸ். போன மாதம் கொழுந்தனார் படுக்கையில் விழுந்து, அண்ணன் மகளைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அவள் கிளம்பத் தயாரானாள். எனக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. தடுக்க வழி கேட்டு சாயபுவிடம் போனேன். கட்டிலில் இருமிக்கொண்டே சிரித்தார். "பொண்ணு மேஜர் ஆயிட்டாளே! உங்க கோர்ட்டை மூடியாச்சு, டீச்சரம்மா." கோபத்தில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். அதுவே கடைசி. பாவி நான், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

அன்றைக்கு ஸ்டேஷனுக்குக்கூட வழியனுப்ப நான் வரவில்லை, தடுக்கத்தான் வந்தேன். ரயில் வந்து நின்றது. "போகட்டுமாம்மா?" என்று ரூத் கேட்டாள். என்னைக் கேட்காதே, உன் இஷ்டம் என்று சொல்லி, பெட்டியை நானே தூக்கி உள்ளே வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, வழக்கு முடிந்ததும் அவர் திருப்பித் தந்த அந்த ஆறு பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஆவாரம்பட்டை வாசம் போகவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் காகிதமும், என் கை எதுவரை நீளலாம் என்று அவர் சொல்லிக் கொடுத்ததும்தான். ரூத் போய்ச் சேர்ந்து கடுதாசி போட்டிருக்கிறாள். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை.